புருவம் திருத்திய கைகள்

தமிழில் ‘திருத்து’ என்கிற வினைச்சொல்லுக்கு வேலை அதிகம். கரம்பைத் திருத்தி வயலாக்குகிறோம். விடைத்தாள் திருத்துகிறோம். வழிதவறிவிட்டதாக ஊர் முடிவுகட்டிய பிள்ளையைத் திருத்தப் பார்க்கிறோம். புருவத்தையும் திருத்துகிறோம். ஆனால் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பொண்ணுங்களுக்கு அது ‘ஐப்ரோ எடுக்கிறது’. அம்மாக்களுக்கு ‘புருவத்த எடுத்துட்டு வந்து நிக்கிறா’. பாட்டிகளிடம் போனால் ‘செரைச்சிக்கிட்டு வந்துருக்கா பாரு’ ஆகிவிடும். வேலை ஒன்றுதான். சொல் மாறும்போது அதற்கான தீர்ப்பும் மாறிவிடுகிறது.

பிளஸ் டூ முடித்த ஒரு பெண் லீவில் வீட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தையல் நூலை முறுக்கிப் புருவத்தை ஒதுக்கிக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அன்று சாயங்காலம் அவள் கேட்கப்போகிற வாக்கியம் இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: “இதெல்லாம் கல்யாணத்துக்கு அப்பறம் புருஷன் வீட்ல போயி பண்ணிக்க.” கண்ணுக்கு மேலே இரண்டு அங்குல நீளத்துக்கு இருக்கிற மயிர் எப்படிப் புருஷன் வீட்டுச் சொத்தானது? சிரிப்பாக இருக்கிறது, ஆனால் சீரியஸான கேள்வி. இதற்குப் பதில் தேடிப்போனால், புருவத்தின் வரலாறு அழகின் வரலாறாக இல்லாமல் கைகளின் வரலாறாக விரிகிறது. யார் கை யார் முகத்தைத் திருத்தியது என்பதுதான் விஷயம்.

கல்லிலும் செம்பிலும்

கையருகே இருக்கிற பழைய புருவங்களிலிருந்து தொடங்கலாம். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் ராஜேந்திரன் தலைநகராக்கிய ஊர். 2004இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த கோயில். வடக்கு வாசலின் இரு பக்கமும் இருக்கிற இரண்டு சிற்பங்களைப் பார்க்கத்தான் பெரும்பாலானோர் போகிறார்கள். ஒன்று, சண்டேசரின் தலையில் சிவன் பூமாலை சுற்றிவிடுகிற காட்சி. இன்னொன்று ஞான சரஸ்வதி. அடுத்த முறை போகும்போது கொஞ்ச நேரம் புருவங்களை மட்டும் பாருங்கள். கல்லில் மயிர் கிடையாது. நெற்றியும் கண்குழியும் சந்திக்கிற விளிம்பைச் சிற்பி கூராக்கிவிடுகிறார், அந்த விளிம்பே புருவமாகிவிடுகிறது. வெயில் சாய்ந்து விழும்போது அதன் நிழல் கண்ணுக்கு மை தீட்டுகிறது.

இது கையோட்டத்தில் தோன்றியபடி வந்த வளைவு இல்லை. சிற்பிகளின் தாளமானக் கணக்கில் முகம் மூன்று சம பங்கு: மயிர் தொடங்கும் இடத்திலிருந்து கண்கோடு வரை ஒன்று, அங்கிருந்து மூக்கு நுனி வரை ஒன்று, மூக்கு நுனியிலிருந்து முகவாய் வரை ஒன்று. உறுப்புகளுக்கு உவமைகளும் உண்டு. சிற்ப நூல்களின் உவமைகளை எளிமையாகத் தொகுத்து 1914இல் ஒரு சிறுநூல் வெளியிட்ட அவனீந்திரநாத் தாகூர், புருவத்துக்கு இரண்டைச் சொல்கிறார். ஒன்று வில், இன்னொன்று வேப்பிலை. வில் நமக்குப் பழக்கமானது, சங்கம் தொட்டு சினிமா வரை பாடித் தீர்த்துவிட்டோம். வேப்பிலைதான் எனக்குப் பிடித்தது. ஓர் ஈர்க்கிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கண்ணுக்கு மேலே வைத்துப் பாருங்கள். அடியில் அகலம், நுனியில் கூர், நடுவே லேசாக அரிவாள் மாதிரி ஒரு சாய்வு. இன்றைக்குப் பார்லரில் ‘நேச்சுரல் ஆர்ச்’ என்று சொல்கிறார்களே, அதேதான்.

வளைவை வைத்து ஒரு தர்க்கமே செய்தவர் வள்ளுவர். தகையணங்குறுத்தல் அதிகாரத்தில், 1086ஆம் குறளில், தலைவன் பழியைப் புருவத்தின் மேல் போடுகிறான். அது வளையாமல் நேராக நின்று மறைத்திருந்தால் அவள் கண் என்னை இப்படி நடுங்கவைத்திருக்காது என்கிறான். அவன் பாட்டுக்குப் பார்க்கிறான், அவன் பாட்டுக்கு நடுங்குகிறான். குற்றம் மட்டும் அவள் புருவத்துக்கு. வீட்டில் அப்பாக்கள் ‘எவன் பாக்கறதுக்குடி இது?’ என்று கேட்கும்போது இந்தத் தர்க்கத்துக்குக் கிட்டத்தட்ட எத்தனை வயது என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

செம்புத் திருமேனிகளின் கதை இன்னும் விசேஷம். நூற்றாண்டுக் கணக்கில் பாலும் சந்தனமும் மஞ்சளுமாக அபிஷேகம் நடந்து, துலக்கித் துடைத்து, முகம் மெல்ல மெல்ல மழுங்குகிறது. மூக்கு தேய்கிறது, புருவக்கோடு அழிகிறது. அப்படித் தேய்ந்த திருமேனிகள் சிலவற்றுக்குக் கண்ணையும் புருவத்தையும் பிற்காலத்தில் மறுபடி உளியால் கீறியிருக்கிறார்கள். அம்பாளுக்கும் புருவம் திருத்தித்தான் ஆகவேண்டியிருந்தது. அது பக்திப் பணி, யாரும் வாயைத் திறக்கவில்லை.

அரியலூர் மாவட்டத்துச் சிறுகிராமமான ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து அப்படி ஒரு முகம் கடல் கடந்து போனது. அங்கிருந்து களவுபோன உமா பரமேஸ்வரி, கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக 2007இல் சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டாள். விலை 6,50,000 டாலர். அதே கோயிலின் நடராஜர் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்குப் போய் 2014இல் திரும்பினார். அம்மன் 2015இல் திரும்பினாள். இந்த ஊர்ச் சிலைகள்தான் அவை என்று நிறுவ உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் மெழுகில் கீறிய முகத்துக்கு இவ்வளவு காவலும் வழக்கும் விலையும். அந்த ஊர்த் தெருவில் நடக்கிற உயிருள்ள பெண்ணின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் வேறு யாரோதான் முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

மயிர் யார் வேலை

மயிர் சம்பந்தப்பட்ட எந்த வேலையும் தமிழ்க் கிராமத்தில் சாதியைத் தொடாமல் நடந்ததில்லை. சிரைப்பது ஒரு சாதியின் தொழில். அந்தச் சாதியின் பெண்கள்தான் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். பிள்ளை பிறக்கும்போது அந்தக் கை வேண்டும், சாவு விழுந்தாலும் வேண்டும். நடுவில் மட்டும் அந்தக் கைக்குத் தீட்டு. பாட்டி ‘செரைச்சிக்கிட்டு’ என்று முகம் சுளிக்கும்போது அந்தச் சுளிப்பில் புருவம் பாதி, சாதி பாதி.

பெண்ணின் மயிரை அவள் விருப்பத்தைக் கேட்காமல் எடுப்பதற்கும் இங்கே சடங்கு இருந்தது. பிராமணக் குடும்பங்களில் கைம்பெண்ணுக்கு மொட்டை. மற்ற பல சாதிகளில் தலைமுடியை விட்டுவிட்டுப் பூ, பொட்டு, வளையலைப் பறித்தார்கள். அ. மாதவையா 1903இல் ‘முத்துமீனாட்சி’ எழுதியதும், குழந்தையிலேயே கைம்பெண்ணாகி 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி அடுத்த வருடம் சென்னையில் இளம் கைம்பெண்களுக்கென ஒரு விடுதி தொடங்கியதும் இந்தப் பின்னணியில்தான். எடுக்கக்கூடாது என்று சொல்கிற அதிகாரமும் எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்கிற அதிகாரமும் வெளியே எதிரெதிர் மாதிரி தெரியும். இரண்டும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தன.

ஒரு வேடிக்கை என்னவென்றால், கண்ணாடியைக் கையில் பிடித்துத் தன் புருவத்தைத் தானே தீட்டிக்கொண்டு ஊர் முன்னால் வந்து நின்றவர்கள் ஆண்கள். தெருக்கூத்துக் கலைஞர்கள் தங்கள் ஒப்பனையைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள். அரிதாரம் பூசி, அதன்மேல் மையால் புருவத்தை நெற்றிப்பொட்டு வரை இழுத்துவிட்டால் துச்சாதனன். அதையே மெல்லிசாக வளைத்தால் பாஞ்சாலி. வளைவு பிறவியில் வருவதில்லை, வரைவதுதான் என்று விடிய விடியப் பார்த்த ஊர்தான், தன் வீட்டுப் பெண் நூலை எடுத்ததும் பதறுகிறது.

நூலும் கல்யாணமும்

நூலால் மயிர் பறிப்பது எங்கே தொடங்கியது என்பதில் ஈரான், அரபு நாடுகள், சீனா, இந்தியா என்று பல ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். அதைவிடச் சுவாரசியமானது, தொலைதூர ஊர்களிலும் நூல் கல்யாணத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது என்பது. ஈரானில் இதற்குப் பெயர் ‘பந்த் அந்தாஸி’. பழைய வழக்கத்தில் கன்னிப்பெண்கள் முகத்தில் நூல் வைக்க மாட்டார்கள். கல்யாணத்தை ஒட்டி மணப்பெண்ணுக்கு முதல் முறையாக நூல் வைப்பதே ஒரு கொண்டாட்டம். ஒதுக்கிய புருவத்தைப் பார்த்தாலே கல்யாணமானவள் என்று தெரிந்துவிடும். சீனாவில் திருமணத்துக்கு முன் மணப்பெண்ணின் முகத்து மயிரை நூலால் எடுக்கிற சடங்கின் பெயருக்கு ‘முகம் திறத்தல்’ என்று பொருள். நம் ஸ்தபதி கடைசியில் சிலைக்குக் கண் திறக்கிறாரே, அந்த மாதிரி. அதைச் செய்கிறவர் கணவனும் குழந்தைகளும் உள்ள, எல்லாப் பேறும் வாய்த்த பெண்ணாக இருக்க வேண்டும். நாம் சுமங்கலி என்போம்.

ஆக ‘கல்யாணத்துக்கு அப்பறம்’ என்கிற அந்த வாக்கியம் எங்கள் ஊரின் கண்டுபிடிப்பு இல்லை. புருவத்தை ஒரு முத்திரைபோல நினைத்த பழைய உலகத்தின் வாக்கியம் அது. முகத்தைத் திறக்கிற நாளைக் குடும்பம் குறிக்கும், பெண் குறிக்க மாட்டாள்.

பென்சில், யூனியன், பார்லர்

1930களில் ஹாலிவுட்டில் மார்லீன் டீட்ரிச், ஜீன் ஹார்லோ முகங்களில் புருவம் கம்பி மாதிரி மெலிந்தது. இருக்கிற மயிரை எடுத்துவிட்டு மேலே பென்சிலால் கோடு போட்டார்கள். கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்களின் நாயகிகளிடமும் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். கோடு போட்ட கை பெரும்பாலும் ஆணின் கை. இதற்கு ஒரு சட்டப் பின்கதை உண்டு. மும்பை சினிமா ஒப்பனைக் கலைஞர் சங்கம் பெண்களை ‘ஹேர் டிரஸ்ஸர்’ ஆக மட்டுமே அனுமதித்தது. மேக்கப் மேன் கார்டு ஆண்களுக்குத்தான். சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் வழக்குப் போட, உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொன்னது 2014 நவம்பரில். அதாவது அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஒரு நடிகையின் புருவத்தை இன்னொரு பெண் தொழிலாக வரைவதற்கு விதி குறுக்கே நின்றது.

சினிமாவுக்கு வெளியே கதை வேறு திசையில் போனது. 1970களின் தொடக்கத்தில் ஷாநாஸ் ஹுசைன் டெல்லியில் தன் வீட்டிலேயே அழகு நிலையம் ஆரம்பித்தார். 2000இல் சென்னையில் வீணா குமாரவேல் ‘நேச்சுரல்ஸ்’ தொடங்கினார். பெரு நகரத்தில் ஏசி அறை. எங்கள் பக்கம் வந்தபோது அது வீட்டின் முன்ரூம் ஆனது. பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு வருடமே பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடி பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, கல்லூரிகள் பெருகின, லேடீஸ் ஹாஸ்டல் வந்தது. மகளிர் சுய உதவிக்குழுக் கடனும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களின் இலவச அழகுக்கலை வகுப்புகளும் சேர்ந்துகொண்டன. பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற ஊர்களில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதிய பச்சைத் திரை ஒன்று தொங்க ஆரம்பித்தது.

அந்தத் திரைக்குப் பின்னால் நடந்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. நூலின் ஒரு முனை பியூட்டிஷியன் பல்லில். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மூச்சு முகத்தில் படும். டீக்கடையில் தனிக் குவளை இருந்த ஊர்களில், யார் தெருப் பெண் யார் முகத்தின் மேல் குனிவது என்பது சின்ன விஷயமா? பரம்பரையாக ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்திருந்த மயிர் வேலையை இங்கே எல்லாச் சாதிப் பெண்களும் சர்டிபிகேட் வாங்கிச் செய்கிறார்கள். சுவரில் அந்தச் சர்டிபிகேட் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். சாதி போய்விட்டது என்று நான் சொல்லவரவில்லை. ‘நீங்க எந்தப் பக்கம்?’ என்று விசாரித்துவிட்டு நாற்காலியில் உட்காருகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் கேள்வி கேட்ட வாய்தான் அடுத்த நிமிடம் ‘அக்கா, வலது பக்கம் இன்னும் கொஞ்சம்’ என்று கெஞ்சுகிறது.

வேலூரில் முளைத்த புருவங்கள்

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. அதற்கும் அப்பால் கொல்லிமலை. அந்தக் கொல்லிமலையில் 1914இல் ஒரு மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவராக உலகம் அவரை அறியும். புருவத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தொழுநோயின் ஒரு வகையில் புருவ மயிர் உதிர்ந்துவிடும். மருந்தால் கிருமி ஒழிந்தாலும் புருவம் திரும்பாது. குணமானவர் ஊருக்குப் போவார். வெறும் நெற்றியைப் பார்த்ததுமே ஊர் ஒதுங்கும். வேலை கிடைக்காது, பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். பிராண்டும் அவரது குழுவினரும் தலையிலிருந்து மயிரோடு கூடிய தோல் துண்டை, ரத்தக்குழாய் அறுபடாமல், நெற்றித் தோலுக்கு அடியே கொண்டுவந்து புருவம் இருந்த இடத்தில் பொருத்தினார்கள். தலைமயிர் தலைமயிராகவே வளரும், நிற்காது. அதனால் அந்தப் புருவத்தை அவ்வப்போது கத்தரித்துக்கொள்ள வேண்டும். சில நோயாளிகள் கத்தரிக்க மறுத்தார்கள் என்பதைப் பிராண்ட் பதிவுசெய்திருக்கிறார். பெருமை தாங்காமல் கண்ணை மறைக்கிற அளவுக்கு வளர்த்தார்களாம்.

இந்த இடத்தில் என்னால் சட்டென்று கடந்துபோக முடியவில்லை. கண்ணாடி முன்னால் நூல் பிடிக்கிற பெண்ணும் கத்தரிக்கோல் வேண்டாம் என்ற அந்த மனிதரும் செய்தது நேரெதிர்க் காரியம். ஒருவர் எடுக்கிறார், ஒருவர் எடுக்க மாட்டேன் என்கிறார். இரண்டு பேருமே சொன்னது ஒன்று: இது என் முகம், அளவை நான் சொல்கிறேன்.

வீட்டுக் கண்ணாடி

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து பார்லர்கள் மூடின. திறந்தபோது வாடிக்கையாளரின் ஆதார் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னது அரசு. பல்லில் நூல் கடிப்பது பயத்துக்குரியதானது, நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்யத் தொடங்கினார்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் மறைத்துவிட்டதால் முகத்தில் மிஞ்சியது கண்ணும் புருவமும். நிறையப் பேர் வீட்டிலேயே கற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் கற்றுக்கொண்ட கணக்கு தாளமானத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு பென்சிலை மூக்கின் ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தினால் புருவம் தொடங்க வேண்டிய இடம். அதையே சாய்த்துக் கருவிழியின் வெளி ஓரத்தைத் தொட்டால் வளைவின் உச்சி. இன்னும் சாய்த்துக் கடைக்கண்ணைத் தொட்டால் முடிய வேண்டிய இடம். மூன்று புள்ளி வைத்துவிட்டு, புள்ளிக்கு வெளியே இருப்பதை மட்டும் எடுப்பது. ட்யூப்லைட் வெளிச்சம் ஏமாற்றும், வாசல் வெளிச்சம் நல்லது. பவுடர் ஒற்றினால் வியர்வை போய் மயிர் தனித்துத் தெரியும். தோலை இறுக்கிப் பிடிக்காவிட்டால் நூல் வெட்டிவிடும். மயிர் வளர்கிற திசையிலேயே பிளக்கரால் ஒவ்வொன்றாக. ஒரு பக்கம் முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல், இங்கே இரண்டு, அங்கே இரண்டு என்று மாற்றி மாற்றி எடுத்து, நடுநடுவே எழுந்து தள்ளி நின்று பார்ப்பது. மேல்கோட்டைக் கூடுமானவரை தொடாமல் விடுவது. வருடக்கணக்கில் கம்பி மாதிரி எடுத்துக்கொண்டே இருந்தால் சில வேர்கள் திரும்ப முளைக்காது. மெல்லிய புருவ ஃபேஷன் ஓடிய 90களில் எடுத்தவர்கள் பலர் இப்போது பென்சிலில் வரைகிறார்கள், விளக்கெண்ணெய் தடவிக் காத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடங்களில் இன்னும் கண்டிப்பு உண்டு. பெண் புருவம் எடுத்தால் திட்டு, பையன் புருவத்தில் பிளேடால் கோடு போட்டால் சலூன்காரருக்கே எச்சரிக்கை. ஒழுங்கு என்பார்கள். ஆனால் அதே பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதில் மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று, ‘போயி ஐப்ரோ பண்ணிட்டு வா, மூஞ்சி பளிச்சுன்னு இருக்கட்டும்’ என்று காசு கொடுத்து அனுப்புவதும் அதே வீடுதான். தப்பு மயிரில் இல்லை என்பது அப்போது தெளிவாகிவிடும். அவள் தனக்காக எடுத்துக்கொண்டது தப்பு, இன்னொருவர் பார்வைக்காக எடுத்துக்கொடுத்தது லட்சணம்.

எடுத்துக்கொள்வதுதான் விடுதலை என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. எடுக்காமல் அடர்த்தியாக விட்டுவிட்டு நிமிர்ந்து நடக்கிற பெண்களும் இதே பஸ்ஸில்தான் வருகிறார்கள். அவர்களிடம் ‘ஏன்டி, கொஞ்சம் எடுத்துக்கக்கூடாதா?’ என்று கேட்கும் அத்தைகளும் இதே வரலாற்றின் ஆட்கள்தான். சிற்பி, புலவர், பாட்டி, மேக்கப் மேன், மாப்பிள்ளை வீடு என்று எத்தனையோ கைகள் இந்த வளைவுக்கு அளவு சொல்லியிருக்கின்றன. இப்போது அந்த நூல் பல வீடுகளில் முகத்துக்குச் சொந்தக்காரியின் கையிலேயே இருக்கிறது. கோணலாகப் போனால் போகட்டும், மூன்று நாலு வாரத்தில் முளைத்துவிடும்.